மப்பு போட்டால் ஐயா வரமாட்டாக

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் தேவகோட்டைக்குப் பக்கம். வயது முப்பத்து நான்கு, சென்னையில் மென்பொருள் வேலை. மாசியில் எங்கள் வீட்டில் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்காகப் பத்து நாள் ஊரில் இருந்தேன். வீடு நான்கு புள்ளிகளுக்கு, அதாவது நான்கு பங்காளிக் குடும்பங்களுக்குப் பொது. இப்போது அங்கே எப்போதும் இருப்பது எண்பத்தாறு வயது அப்பத்தாவும் சமையலுக்கு ஒரு அக்காவும் மட்டும்தான்.

முற்றத்தைச் சுற்றிய வளவுச் சுவரில் ஐயா, அதாவது காலமான என் தாத்தா, பினாங்கிலிருந்து கொண்டுவந்த ஆளுயரக் கண்ணாடி ஒன்று கிழக்குப் பார்த்து நிற்கிறது. தினமும் காலை எட்டரை மணி வாக்கில் முற்றத்து வழியாக ஒரு கறுப்புக் குருவி இறங்கி வரும். தோளில் வெள்ளைத் தீற்று, வாலுக்கு அடியில் செம்பழுப்பு. வாலை எப்போதும் நட்டமாக நிமிர்த்தியே வைத்திருக்கும். சட்டத்தின் மேல் உட்கார்ந்து குனிந்து பார்க்கும், அப்புறம் கண்ணாடியில் பாய்ந்து பாய்ந்து கொத்தும். பத்து நிமிடம், சில நாள் இருபது நிமிடம். ஐயா இருந்த காலத்தில் வெளியே கிளம்புமுன் அதே இடத்தில் நின்றுதான் தலை சீவுவாராம். அதனால் அப்பத்தா யாரையும் அதை விரட்ட விடுவதில்லை. ‘ஐயா வந்திருக்காக, சும்மா இருங்க’ என்பார்.

பெரியப்பா மகன் இதை வீடியோ எடுத்துப் போட்டான். ஒரு சேனல் எடுத்து, சோக இசை சேர்த்து, ‘முன்னோர் வடிவில் வந்த அதிசயப் பறவை’ என்று வெளியிட்டது. குடும்பக் குழுவில் நான், இது வெறும் எல்லைச் சண்டை, கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று அதற்குத் தெரியவில்லை, இதில் அதிசயம் ஒன்றுமில்லை என்று எழுதினேன். சித்தப்பா குழுவைவிட்டே போய்விட்டார். அப்பத்தா மட்டும் கோபப்படவில்லை. ‘படிச்ச பிள்ளை சொன்னாச் சரிதான். ஆனா மப்பு போட்டா ஐயா வரமாட்டாக, அதையும் பாத்துக்க’ என்றார். மப்பு என்றால் எங்கள் பக்கத்தில் மேகமூட்டம்.

இன்னொன்று. பொங்கலுக்கு வந்திருந்தபோது எங்கள் ஊருணிக் கரையில் பீரங்கி மாதிரிக் கேமராக்களோடு ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். ‘ஒண்ணும் இல்ல சார், எல்லாம் காமன்தான்’ என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்கள். எங்கள் ஊரையே ஒன்றுமில்லை என்று சொன்ன மாதிரி இருந்தது.

என் கேள்விகள்: கண்ணாடி விஷயத்தில் நான் சொன்னது சரியா? பறவைகளைப் பற்றிய செய்தி ஏன் எப்போதும் சர்க்கஸ் மாதிரியே வருகிறது? பறவை பார்ப்பது கடைசியில் ஸ்டாம்பு சேர்ப்பது மாதிரிதானா? கேமரா இல்லாமல் நான் இதைத் தொடங்க முடியுமா?

அன்புடன்,
சொ., சென்னை

*

அன்புள்ள சொ.,

நீங்கள் சொன்னது சரி. ஆனால் அந்த விவாதத்தில் ஜெயித்தது அப்பத்தாதான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடுவோம். நிமிர்ந்த வால், தோளில் வெள்ளை, வாலடியில் செம்பழுப்பு என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அது ஆண் கருஞ்சிட்டு. பெட்டை மங்கலான பழுப்பாக இருக்கும், தோளில் வெள்ளை கிடையாது. வடநாட்டுக் கருஞ்சிட்டுக்கு முதுகு பழுப்பு, நம் பக்கத்து ஆணுக்கு முதுகும் கறுப்பு. வறண்ட பொட்டல், கல்கிடங்கு, இடிந்த சுவர், வீட்டுக் கொல்லை இவைதான் அதற்குப் பிடித்த இடம். அதாவது அதற்காகவே செட்டிநாட்டைக் கட்டிவைத்த மாதிரி.

நம் ஊரில் கறுப்பாக எது பறந்தாலும் கரிச்சான் என்று சொல்லிவிடுவார்கள். அசல் கரிச்சான் வேறு. இரட்டை வால் பிளந்து, மின்கம்பியில் உட்கார்ந்து மாட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்குமே, அது. கரிக்குருவி என்றும் சொல்வார்கள், வலியன் என்றும் சொல்வார்கள். அந்த ‘வலியன்’ என்ற பேருக்கு மதுரைத் திருவிளையாடலில் கதையே உண்டு. மற்றப் பறவைகள் கொத்தித் துரத்திய எளிய கரிக்குருவிக்குச் சொக்கநாதர் உபதேசம் செய்ய, அது வலியான் ஆகிவிட்டது என்று கதை போகும். காக்கையையும் பருந்தையும் அந்தக் குருவி தலைக்கு மேலே ஏறித் துரத்துவதை வயல் வரப்பில் நின்று யாரோ ஒருவர் ரொம்ப நாள் பார்த்திருக்கிறார். இவ்வளவு சின்ன உடம்புக்கு இந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறார். புராணம் அதற்குப் பதில். உங்கள் அப்பத்தா செய்ததும் அதேதான், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கருஞ்சிட்டுக்கு மாசி, பங்குனி, சித்திரை கூடு கட்டும் காலம். ஆண் தன் எல்லையைக் காக்க நாள் முழுக்கக் காவல் சுற்றும். வேறு ஆண் உள்ளே வந்தால் சண்டை. உங்கள் வளவில் இறங்கிப் பார்த்தால் எதிரே இன்னொருவன். அதே கறுப்பு, அதே தோள் வெள்ளை. இது வாலை நிமிர்த்தினால் அதுவும் நிமிர்த்துகிறது, பாய்ந்தால் அதுவும் பாய்கிறது. பயந்து ஓடினால் விட்டுவிடலாம், அவன் ஓடவே மாட்டேன் என்கிறான். அச்சு அசலாகத் தன்னைப் போலவே இருக்கிறவன், பக்கத்திலேயே இருக்கிறவன், ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்காதவன். நான்கு புள்ளிகளுக்குப் பொதுவான வீட்டில் பிறந்தவருக்குப் பங்காளிச் சண்டையைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் டேவிட் லாக் என்று ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார், பின்னாளில் பெரிய பறவையியலாளர் ஆனவர். 1930-களில் டெவன் பகுதியில் அந்த ஊர் ராபினை வருடக்கணக்காகப் பார்த்தார். அதற்கு நெஞ்சு சிவப்பாக இருக்கும். பஞ்சடைத்த ராபின் ஒன்றை அதன் எல்லைக்குள் கொண்டுபோய் வைத்தால் வந்து கொத்திக் கிழித்தது. நெஞ்சு சிவக்காத இளம் ராபினைப் பஞ்சடைத்து வைத்தால் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் தலையும் இல்லாமல் இறக்கையும் இல்லாமல் வெறும் சிவப்பு இறகுக் கொத்து ஒன்றை மட்டும் வைத்தார். அதையும் போய் அடித்தது. இதில் என்னை ரொம்ப நாள் தூங்கவிடாதது இன்னொன்று. பஞ்சுப் பறவையை அவர் எடுத்துவிட்ட பிறகும், ஒரு ராபின் திரும்பி வந்து, அது இருந்த காலி இடத்தில், வெறும் காற்றைக் கொத்திவிட்டுப் போயிருக்கிறது.

எல்லாப் பறவையும் கண்ணாடியில் ஏமாறும் என்றும் சொல்ல முடியாது. 2008-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் ஐரோப்பிய மேக்பை பறவைகளின் கழுத்தில், தங்களுக்கே தெரியாத இடத்தில், வண்ணப் பொட்டு ஒட்டிக் கண்ணாடி முன் விட்டார்கள். சில பறவைகள் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் தம் கழுத்தைச் சுரண்டிப் பொட்டை எடுக்கப் பார்த்தன. மேக்பை காக்கைக் குடும்பம். நம் மரங்களில் நீள வாலோடு திரியும் வால்காக்கைக்குத் தூரத்துச் சொந்தம். காக்கை விவரமானது என்று பாட்டிகள் சொல்வதற்கு ஆய்வுக்கூடத்து அத்தாட்சியும் கிடைத்துவிட்டது. கருஞ்சிட்டுக்கு அந்தப் பரீட்சை எல்லாம் தேவையில்லை. லட்சக்கணக்கான வருடமாக அதன் உலகத்தில் பெல்ஜியம் கண்ணாடி இருந்ததில்லை.

இப்போது அப்பத்தாவுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் நீங்கள் வேகமாகத் தாண்டிப்போன வரி அது. ‘மப்பு போட்டா ஐயா வரமாட்டாக.’

எத்தனை வருடமாக இந்தச் சண்டை நடக்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை. நீங்கள் பத்து நாள் இருந்தீர்கள். மாசி வெயிலில் பத்து நாளும் வானம் வெளுத்துக் கிடந்திருக்கும். வெயில் நாளுக்கும் மேக நாளுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமானால் மாதக்கணக்கில் பார்த்திருக்க வேண்டும், வராத நாளையும் கவனித்து நினைவில் வைத்திருக்க வேண்டும். வந்ததை யாரும் பார்ப்பார்கள். வராததைப் பார்க்கிறவர்தான் பறவை பார்க்கிறவர். உங்கள் வீட்டில் அந்த ஆள் நீங்கள் இல்லை, வீடியோ எடுத்த பெரியப்பா மகனும் இல்லை.

அவர் சொன்னதில் கண்ணாடியின் கணக்கும் இருக்கிறது. கிழக்குப் பார்த்த கண்ணாடி, மேலே திறந்த முற்றம். எட்டரை மணிக்கு வெயில் கூரை ஓட்டைத் தாண்டி உள்ளே இறங்கும். குருவி மேல் வெளிச்சம் விழுந்தால்தான் எதிரே இருக்கிற பங்காளி பளிச்சென்று தெரிவான். பழைய கண்ணாடி வேறு, ரசம் பாதி உரிந்திருக்கும். மேகமூட்டமான காலையில் வளவுக்குள் அரையிருட்டு. எதிரி இல்லை, அதனால் சண்டை இல்லை, ஐயா வரவில்லை. இதைச் சோதித்துப் பார்ப்பதும் சுலபம். வெயில் காயும் நாளில் முற்றத்தின் அந்த ஓரத்துக்கு மட்டும் ஒரு பாயைக் கட்டி நிழல் போடச் சொல்லுங்கள்.

வருகிறவர் ஐயாவா இல்லையா என்பதை நீங்களும் அப்பத்தாவும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், அதில் நான் தலையிட மாட்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம், ஐயா என்று நினைத்ததால்தான் அவர் அவ்வளவு கவனமாகப் பார்த்தார் என்பது. எல்லைச் சண்டை என்று தெரிந்த நீங்கள் ஒரே நாளில் பார்ப்பதை நிறுத்திவிட்டீர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம், எனக்கும் இது நடந்திருக்கிறது. பேரைக் கண்டுபிடித்த அடுத்த நிமிடம் தொலைநோக்கியைக் கீழே இறக்கிய பறவைகள் எனக்கு நூற்றுக்கு மேல் இருக்கும்.

பறவைச் செய்தி ஏன் சர்க்கஸாகிறது என்று கேட்டீர்கள். நம் பக்கத்துப் பத்திரிகையில் மாதத்துக்கு ஒரு முறையாவது ‘அரிய வகை ஆந்தை மீட்பு’ என்று ஒரு படம் வரும். அட்டைப் பெட்டிக்குள் இதய வடிவ வெள்ளை முகத்தோடு ஒன்று முறைத்துக்கொண்டிருக்கும். சில சமயம் வெளிநாட்டு ஆந்தை என்றும் போடுவார்கள். அது கூகை. பகலில் வெளியே வந்து காக்கைகளிடம் மாட்டிக்கொண்டு விழுந்திருக்கும். எங்கள் தெருவில் ஆள் இல்லாத வீடுகள் அதிகம். ஆள் இருக்கிற வீடுகளைவிட அங்கேதான் குடித்தனம் ஒழுங்காக நடக்கிறது, எல்லாம் கூகைக் குடித்தனம். அரிய வகை என்று சொன்னால்தான் பக்கத்தில் இடம் கிடைக்கிறது என்றால், பாவம், சொல்லிக்கொள்ளட்டும்.

2023 மே மாதம் மும்பைத் துறைமுகத்துப் பக்கம் ஒரு புறாவைப் பிடித்தார்கள். காலில் வளையம், இறக்கையில் சீன எழுத்து மாதிரி ஏதோ. சீன உளவாளி என்று சந்தேகம். விசாரணை, அது முடியும்வரை கால்நடை ஆஸ்பத்திரியில் காவல். எட்டு மாதம் கழித்து, 2024 தொடக்கத்தில்தான் விடுதலை. தைவானில் பந்தயத்துக்கு வளர்த்த புறா, வழி தவறி வந்துவிட்டது, அவ்வளவுதான். உலகம் முழுக்கச் சிரித்தார்கள். அந்தப் புறாவின் பக்கம் நின்று பாருங்கள். கடல் மேல் பறந்து களைத்து, ஏதோ ஒரு கப்பலிலோ கரையிலோ இறங்கியது. இதில் விநோதமாக நடந்துகொண்டது யார்?

பறவைச் செய்தி அநேகமாக எல்லாவற்றிலும் இதுதான் கதை. பறவை தன் வழக்கமான வேலையைச் செய்துகொண்டிருக்கும். நாம் குறுக்கே கண்ணாடியை வைத்திருப்போம், எல்லைக்கோட்டைப் போட்டிருப்போம், சுவிட்சுப் பெட்டியை மாட்டியிருப்போம். செய்தி மட்டும் பறவையின் பேரில் வரும்.

சுவிட்சுப் பெட்டி என்றதும் உங்களுக்குப் பொத்தகுடி ஞாபகம் வந்திருக்கும், நம் சிவகங்கை மாவட்டம்தான். 2020-ல், ஊரடங்கு நேரத்தில், தெருவிளக்குகளுக்கான சுவிட்சுப் பெட்டிக்குள் ராபின் குடும்பத்துச் சின்னக் குருவி ஒன்று கூடு கட்டி முட்டையிட்டுவிட்டது. பெட்டியைத் திறந்து மூடினால் கூடு போய்விடும். ஊர் கூடிப் பேசி, குஞ்சு பொரித்துப் பறக்கும்வரை, ஒரு மாதத்துக்கு மேல் தெருவிளக்கே போடாமல் இருந்தார்கள். செய்தி நாடு முழுக்கப் போனது, நல்ல செய்திதான். எனக்கு அதில் பிடித்த இடம் வேறு. இருட்டில் நடக்க எல்லோருக்கும் உடனே சம்மதம் இல்லை. ஒரு குருவிக்காகவா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். பேசிச் சம்மதிக்க வைத்திருக்கிறார்கள். நாலு பேர் கூடினால் நாற்பது அபிப்பிராயம் வரும் ஊர்கள் நம்முடையவை, அங்கே இது லேசான காரியம் இல்லை.

கொள்ளுகுடிப்பட்டியில் அந்தப் பேச்சு எந்தத் தலைமுறையில் நடந்தது என்று இப்போது இருப்பவர்களுக்கே நினைவில்லை. திருப்பத்தூரிலிருந்து மேலூர் போகிற வழியில் இருக்கிறது. தீபாவளிக்கு வெடி கிடையாது, கல்யாணத்துக்கும் கிடையாது. கண்மாய்க்குள் கருவேல மரங்களில் ஐப்பசி, கார்த்திகையிலிருந்து நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டும். 1977-ல்தான் அரசு அதை வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் என்று அறிவித்தது. மொத்தம் 38 ஹெக்டேர் சொச்சம், மூன்று கண்மாய்கள். ஊர்க் கட்டுப்பாடு அதற்கு ரொம்ப முந்தியது. தீபாவளிக்கு வனத்துறை போய் இனிப்புக் கொடுத்துவிட்டு வருவதும் நடக்கிறது. ‘பறவைக்காக வெடி வெடிக்காத அதிசய கிராமம்’ என்று வருடா வருடம் அதே செய்தி, அதே படம். போன முறை அங்கே ஒரு பெரியவரிடம் இதைக் கேட்டேன். ‘பச்சப்பிள்ளை இருக்கிற வீட்டுல வெடி போடுவியாப்பா?’ என்று திருப்பிக் கேட்டார். எச்சம் விழுந்த கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு எரு என்பதும் அவருக்குத் தெரியும், அதை இரண்டாவதாகத்தான் சொன்னார்.

அங்கே போனால் நத்தைக்குத்தி நாரையை மட்டும் ஒரு மணி நேரம் பாருங்கள். அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி இருக்கும், பாக்குவெட்டி சரியாகப் பொருந்தாத மாதிரி. குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வருகிறது. அலகால் நத்தையை நசுக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது நசுக்குவதில்லை. ஓட்டைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழ் அலகின் கூர்நுனியை உள்ளே விட்டுத் தசையை அறுத்து, சதையை முழுசாக உருவி எடுக்கும். எல்லாம் தண்ணீருக்குள்ளேயே நடப்பதால் நமக்குத் தலையாட்டல் மட்டும்தான் தெரியும். கடைசியில் தலையை ஒரு தூக்கு தூக்கும். நத்தை போய்ச் சேர்ந்திருக்கும்.

சரி, ஸ்டாம்பு விஷயம். ஆமாம், அந்த மாதிரி ஆட்களும் உண்டு, உலகம் முழுக்க உண்டு. முதல் முறை பார்க்கிற இனத்துக்கு ‘லைஃபர்’ என்று பேர். அரிதான பறவை வந்திருக்கிறது என்று தகவல் கிடைத்தால் வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறவர்களை இங்கிலாந்தில் ‘ட்விட்ச்சர்’ என்பார்கள். 1950-களில் மோட்டார் சைக்கிளில் அப்படி ஓடி வந்து, இறங்கும்போது குளிரில் வெடவெடத்த ஒருவரை நண்பர்கள் கேலி செய்ததில் பிறந்த பேர் என்று சொல்வார்கள். அமெரிக்கத் தூதரகப் பணியில் ஊர் ஊராகப் போன பீட்டர் கேஸ்ட்னர் 2024 பிப்ரவரியில் பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில் தன் பத்தாயிரமாவது இனத்தைப் பார்த்தார். அவரோடு போட்டிக்கு இன்னொருவர் திடீரென்று கிளம்பியதில், கடைசி நாட்கள் கிரிக்கெட் கடைசி ஓவர் மாதிரி இருந்தன. அந்தப் பத்தாயிரமாவது பறவை என்ன தெரியுமா? தேன்சிட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் ஒன்றுவிட்ட சகோதரர் இந்நேரம் உங்கள் வீட்டுக் கொல்லைச் செம்பருத்தியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருப்பார்.

இதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. அறுபது எழுபது வருடம் ஒரே விஷயத்தின் பின்னால் போகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. எனக்கு அந்தக் கால்கள் இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் உங்கள் ஊருணிக் கரையில் ‘எல்லாம் காமன்தான்’ என்று சொன்னார்களே, அதற்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. பொங்கலுக்கு அவர்கள் வந்தது அநேகமாகப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்காக இருக்கும். 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கலை ஒட்டிய நாலு நாளில் நடக்கிறது. அமெரிக்காவில் 1998-ல் தொடங்கி இங்கே 2013-ல் வந்து சேர்ந்த பிப்ரவரிக் கணக்கெடுப்பின் உள்ளூர்ப் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது பதினைந்து நிமிடம் ஓர் இடத்தில் நின்று, பார்த்ததையெல்லாம் எண்ணி, ‘இபேர்டு’ செயலியில் ஏற்ற வேண்டும். இதில் விதி என்னவென்றால் காக்கையையும் விடக்கூடாது. காக்கை 14, மைனா 6, தவிட்டுக்குருவி 9, மடையான் 2. காமனைத்தான் எண்ண வேண்டும். காமனை எண்ணாதவர் அந்த நாலு நாளும் வேறு எதற்கோ வந்தவர்.

இப்படிச் சேர்ந்த பட்டியல்கள் என்ன செய்யும் என்று கேட்டால், 2023-ல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையைப் பார்க்கலாம். சுமார் 30,000 பேர் பதிந்த 3 கோடிப் பதிவுகளை வைத்து 942 இனங்களைக் கணக்குப் பார்த்தார்கள். மயில் பெருகியிருக்கிறது. அதைச் சொல்ல அறிக்கை வேண்டாம், குன்றக்குடிப் பக்கம் கடலை போட்ட யாரைக் கேட்டாலும் முருகனை வைத்துக்கொண்டே திட்டித் தீர்ப்பார்கள். ஆனால் பனங்காடை குறைகிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? காரைக்குடி சாலையில் கம்பிக்குக் கம்பி உட்கார்ந்திருக்குமே, சும்மா இருந்தால் மங்கலாக இருக்கும், பறந்தால் இறக்கை முழுக்க நீலம் விரியுமே, அது. அத்தனை சாதாரணமான பறவை. இன்றைக்கு எத்தனை பார்த்தோம் என்று சலிப்பில்லாமல் எழுதிப் போட்டவர்களால்தான் அது குறைவது தெரிந்தது. அரிதானதை மட்டும் தேடிப்போனவர்களின் பட்டியலை வைத்து இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

கேமராக்காரர்களை ரொம்பத் திட்டவும் எனக்கு யோக்கியதை இல்லை. சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊரில் பூட்டிக் கிடந்த வீடு ஒன்றின் இரண்டாங்கட்டு மாடியில் கூகை ஜோடி குஞ்சு வளர்த்துக்கொண்டிருந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் சாவி கொடுத்தார். தினமும் சாயங்காலம் போய்த் தூணுக்குப் பின்னால் உட்காருவேன். தரையில் கறுப்பாக, விரல் நீளத்துக்கு உருண்டைகள் கிடக்கும். எலியை முழுங்கிவிட்டுச் செரிக்காத முடியையும் எலும்பையும் கூகை கக்கிவிடும், அதுதான் அந்த உருண்டை. ஒன்றை எடுத்துவந்து, தாம்பாளத்தில் வெந்நீர் ஊற்றி ஊசியால் பிரித்தேன். சாம்பல் நிற முடி பஞ்சுபோல் பிரிந்து மிதந்தது. உள்ளே மூன்று மண்டையோடுகள், இரண்டு எலி, ஒன்று மூஞ்சூறு. மஞ்சள் முன்பற்கள் அப்படியே. தாம்பாளம் எந்தத் தாம்பாளம் என்று வீட்டில் தெரிந்தபோது நடந்ததை இங்கே எழுத முடியாது.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு தப்பு செய்தேன். ஊர் பேர், தெரு பேர் போட்டு ஒரு படத்தை வெளியிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று கார். சாவிக்காரரை எப்படியோ பிடித்து உள்ளே போய், ராத்திரி எட்டு மணிவரை ஃபிளாஷ் வெளிச்சம் தெருவுக்குத் தெரிந்தது. பெரியவை இரண்டும் அன்றைக்கு இரை கொண்டுவரவில்லை. மறுநாளும் இல்லை. மூன்று குஞ்சில் ஒன்றுதான் பறந்தது. வந்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. ஆனால் விலாசம் கொடுத்தது நான். அன்றிலிருந்து கூட்டின் இடத்தை யாருக்கும் சொல்வதில்லை, படம் போட்டாலும் குஞ்சுகள் பறந்த பிறகுதான். செயலியில் சில அருகிவரும் இனங்களின் இடத்தை அவர்களே மறைத்துவிடுகிறார்கள். கூகைக்கு அந்தச் சலுகை கிடையாது, நாமேதான் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

தொடங்குவதற்குக் கேமரா வேண்டாம். 8-க்கு 42 தொலைநோக்கி ஒன்று வாங்குங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன்கண்ணாடியின் மில்லிமீட்டர். இருபது மடங்கு, முப்பது மடங்கு என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். கை நடுக்கமும் அதே அளவு பெரிதாகும், வாங்காதீர்கள். அதுவும் அடுத்த மாதம் போதும். இந்த மாதத்துக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று. சென்னை வீட்டு மொட்டை மாடியில் தினமும் பதினைந்து நிமிடம், வந்ததோடு வராததையும் எழுதுங்கள். சனிக்கிழமை அப்பத்தாவுக்குப் போன் போட்டு அந்த வாரக் கணக்கைக் கேட்டு அதையும் எழுதுங்கள். எப்போது முதலில் வந்தது, எந்த மாதங்களில் வருவதே இல்லை, பெட்டை வந்ததுண்டா. ஆடி, ஆவணியில் கொத்தல் நின்றுவிடுகிறதா என்று கேட்கத் தவறாதீர்கள். நின்றுவிடுகிறது என்று அவர் சொன்னால் கூடு கட்டும் காலத்தோடு கணக்குப் பொருந்தும். ஐயாவுக்கு ஆடியில் என்ன சோலி என்று அவரே ஒரு காரணமும் வைத்திருப்பார், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு வேலை மட்டும் உடனே செய்ய வேண்டும். தினமும் இருபது நிமிடம் கண்ணாடியோடு மல்லுக்கட்டுகிற குருவிக்கு இரை தேட அவ்வளவு நேரம் குறைகிறது, கூட்டைக் காவல் காக்கவும் குறைகிறது, அலகும் நோகும். விரட்டினால் திரும்ப வரும். காலையில் மட்டும் கண்ணாடியைத் துணி போட்டு மூடிவிட்டால் போதும், இரண்டு மூன்று வாரத்தில் விட்டுவிடும். அப்பத்தா சம்மதிக்க மாட்டார் என்று நினைப்பீர்கள். வேறு துணியைப் போடாதீர்கள். படைப்புக்கு எடுத்த வேட்டி ஒன்று வீட்டில் இருக்குமே, அதைக் கேட்டுப் பாருங்கள்.

துணி போட்ட பிறகு குருவி வேறு எங்கே போகிறது என்றும் கவனிக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் நிலைக்கண்ணாடியை மூடியதும் அது என் வண்டியின் பக்கக் கண்ணாடிக்கு மாறியது. இரண்டு கண்ணாடிக்கும் பழைய காலுறை மாட்டி வைத்திருக்கிறேன். பங்குனியிலிருந்து கழற்ற மறந்து அப்படியே கடைத்தெருவரை போய்விடுகிறேன், பின்னால் வருகிற பஸ்தான் தெரிவதில்லை.

அன்புடன்.